மன்னன் தவறும்போது: இலியட்டும் சிலப்பதிகாரமும்

கேள்வி இது: பழங்காவியங்கள் காட்டும் இலட்சிய அரசன் எப்படிப்பட்டவன்? அந்த இலட்சியம் நாட்டுக்கு நாடு மாறுகிறதா?

மாறுகிறது. ஆனால் அந்த மாற்றத்தை நல்ல மன்னர்களை வரிசைப்படுத்திக் கண்டுபிடிக்க முடியாது. பெரிய காவியங்கள் குறையில்லாத அரசனைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. தவறு செய்த அரசனைத்தான் பேசுகின்றன. கதை அங்கேதான் தொடங்குகிறது. ஆகவே என் பதில் பெரும்பாலும் இரண்டு மன்னர்களைச் சுற்றியே வரும். ஒருவன் ஹோமரின் இலியட்டில் வரும் அகமெம்னான். மற்றவன் சிலப்பதிகாரத்தின் பாண்டியன் நெடுஞ்செழியன். இருவர் முன்னாலும் அதிகாரம் ஏதுமற்ற ஒருவர் வந்து நின்று நியாயம் கேட்கிறார். அந்தக் கணத்தில் அவர்கள் என்ன செய்தார்கள் என்பதில் இரண்டு மரபுகளின் அரச இலக்கணமும் அடங்கியிருக்கிறது.

முதலில், இலட்சியம் நேரடியாகச் சொல்லப்படும் இரண்டு இடங்கள். ஹோமரின் இன்னொரு காவியமான ஒடிசியின் 19ஆம் காண்டத்தில் பிச்சைக்காரன் வேடத்தில் தன் வீட்டுக்கே வந்திருக்கும் அரசன் ஒடிசியஸ் தன் மனைவி பெனலோப்பியிடம் பேசுகிறான். குற்றமற்ற அரசன் ஒருவன் தெய்வத்துக்கு அஞ்சி நீதி தவறாமல் ஆண்டால் கரிய மண் கோதுமையும் பார்லியும் தரும், மரங்கள் கனியால் தாழும், ஆடுகள் தவறாமல் குட்டி போடும், கடல் மீன் தரும், அவன் நல்லாட்சியில் மக்கள் செழிப்பார்கள் என்கிறான். மணிமேகலையின் ஏழாவது காதையில் மணிமேகலா தெய்வம் நள்ளிரவில் உதயகுமரன் முன் தோன்றிச் சொல்வதும் இதையொட்டியதுதான்: 'கோல்நிலை திரிந்திடின் கோள்நிலை திரியும், கோள்நிலை திரிந்திடின் மாரிவறம் கூரும், மாரிவறம் கூரின் மன்னுயிர் இல்லை.' மழையையும் விளைச்சலையும் நம்பி வாழ்ந்த சமூகங்கள் இரண்டுமே அரசனின் நடத்தையை வானத்தோடு முடிச்சுப் போட்டிருக்கின்றன. ஒன்றைப் பார்த்து மற்றொன்று எழுதியது என்று சொல்ல வேண்டியதில்லை.

இந்த இலட்சியம் எப்போது பேசப்படுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். ஒடிசியஸ் பேசும்போது அவன் வீட்டைப் பிறர் தின்று தீர்த்துக்கொண்டிருக்கிறார்கள், அரசன் இருக்கும் இடமே தெரியவில்லை. மணிமேகலா தெய்வம் பேசுவதோ தவக்கோலம் பூண்ட பெண்ணைத் துரத்தும் இளவரசனைக் கண்டிக்க. நல்லாட்சியின் இலக்கணம் அது இல்லாத இடத்தில்தான் வாய்விட்டுச் சொல்லப்படுகிறது.

இலியட்டுக்கு வருவோம். அகமெம்னானை கிரேக்கர் அனைவருக்கும் பேரரசன் என்று எண்ணிக்கொண்டு படித்தால் காவியம் புரியாது. டிராய் நகரை எதிர்த்துப் போரிட வந்தது பல கிரேக்க மன்னர்களின் கூட்டுப்படை. அதில் மிகுதியான கப்பல்களோடு, அதாவது 100 கப்பல்களோடு, வந்தவன் அவன். கிரேக்கரில் தலைசிறந்த வீரனான அக்கிலீஸ் கொண்டுவந்தது 50. அகமெம்னானின் தலைமை அவன் திரட்டி வந்த படையின் அளவிலும், கொள்ளைப்பொருளைப் பங்கிட்டுத் தரும் உரிமையிலும் நிற்கிறது. தலைமுறை வழியாக வந்த ஒரு கோலும் அவன் கையில் இருக்கிறது. தெய்வக் கொல்லன் ஹிபேஸ்டஸ் செய்து தெய்வங்களின் அரசன் சீயஸுக்குக் கொடுத்தது, தெய்வத்தூதன் ஹெர்மிஸ் வழியே பெலாப்ஸ் என்ற மன்னனுக்கு வந்து, அட்ரியஸ், தைஸ்டிஸ் எனக் கைமாறி அவனிடம் சேர்ந்தது. அதன் வரலாற்றை ஹோமர் நிறுத்தி நிதானமாகச் சொல்கிறார்.

முதல் காண்டத்தில் அப்பல்லோவின் பூசாரியான முதியவர் ஒருவர் பாளையத்துக்கு வருகிறார். சிறைப்பட்ட தன் மகளுக்காகப் பெரும் மீட்புப்பொருளோடு வந்து கெஞ்சுகிறார். கூடியிருந்த வீரர் அனைவரும் 'பெரியவரை மதித்துப் பொருளை வாங்கிக்கொள்வோம்' என்று குரல் கொடுக்கிறார்கள். அகமெம்னான் ஒருவன் மட்டும் அவரை மிரட்டித் துரத்துகிறான். முதியவர் கடற்கரையில் தனியாக நடந்து தன் தெய்வத்தை அழைக்கிறார். ஒன்பது நாள் கொள்ளைநோய். முதலில் கோவேறு கழுதைகளும் நாய்களும், பிறகு மனிதர்கள். பத்தாம் நாள் அவையைக் கூட்டியது தலைவன் அல்ல, அக்கிலீஸ். நோயின் காரணத்தைச் சொல்லத் தெரிந்த குறிசொல்வோன் கால்காஸ், 'எனக்குக் காவல் நிற்பதாக வாக்குக் கொடு' என்று அக்கிலீஸிடம் கேட்டுக்கொண்டுதான் வாயைத் திறக்கிறான். உண்மை சொல்ல உயிர்ப்பாதுகாப்புத் தேவைப்படும் அவை அது. அகமெம்னானின் ஆட்சியைப் பற்றி இதற்குமேல் எதுவும் சொல்லத் தேவையில்லை.

அடுத்து நடப்பது தெரிந்த கதை. பூசாரியின் மகளைத் திருப்பித் தர ஒப்புக்கொள்ளும் அகமெம்னான், ஈடாக அக்கிலீஸுக்கு ஒதுக்கப்பட்ட பிரிசெயிஸ் என்ற பெண்ணைப் பறிக்கிறான். 'குடிகளைத் தின்னும் மன்னன்' என்று அக்கிலீஸ் அவன் முகத்துக்கு நேராகச் சொல்கிறான். முதுபெரும் வீரன் நெஸ்டர் இருவரையும் சமாதானப்படுத்தப் பார்க்கிறான்: வலிமையில் அக்கிலீஸ் பெரியவன், ஆனால் அதிகம் பேரை ஆள்வதால் அகமெம்னான் மேலானவன். ஆளும் தகுதியும் ஆளும் பதவியும் ஒரே ஆளிடம் இல்லாதபோது என்ன செய்வது? இலியட்டின் அரசியல் முழுவதும் இந்தக் கேள்விதான்.

இரண்டாம் காண்டத்தில் தெர்சைடிஸ் என்ற ஒருவன் எழுந்து பேசுகிறான். டிராய்க்கு வந்தவர்களிலேயே அழகற்றவன் என்று ஹோமர் அவனை வர்ணிக்கிறார். அவன் பேசுவது ஏறக்குறைய அக்கிலீஸ் பேசியதேதான்: உனக்குப் பொன்னும் பெண்களும் சேரவேண்டும் என்று நாங்கள் ஏன் சாகவேண்டும்? ஒடிசியஸ் அவன் முதுகில் அடித்து உட்கார வைக்கிறான். அடித்தது எதனால்? அகமெம்னானிடமிருந்து வாங்கி வந்த அதே கோலால். வீரர்கள் சிரிக்கிறார்கள், ஒடிசியஸ் செய்ததிலேயே இதுதான் சிறந்த காரியம் என்கிறார்கள். ஆக, அந்த உலகில் மன்னனைத் தட்டிக்கேட்கலாம், ஆனால் கேட்பவன் இன்னொரு மன்னனாக இருக்கவேண்டும்.

ஹோமர் அகமெம்னானை நியாயப்படுத்துவதில்லை, இதைச் சொல்லியாக வேண்டும். தலைமையின் உயர்ந்த இலக்கணத்தை அவர் எதிர்ப்பக்கம் நிற்பவன் வாயில் வைக்கிறார். 12ஆம் காண்டத்தில் டிராய்க்குத் துணையாக வந்த லிசியா நாட்டு சர்பெடான் தன் தோழன் கிளாக்கஸிடம் கேட்கிறான்: நமக்கு மட்டும் முதலிருக்கை, நல்ல இறைச்சி, நிறைந்த கிண்ணம், ஆற்றோர விளைநிலம் ஏன்? நாம் முன்வரிசையில் நிற்பவர்கள் என்பதால்தானே? அப்படியானால் இப்போது முன்னே போவோம். பெற்றதற்கு ஈடாக உயிரைப் பணயம் வைப்பதே அரசு என்று இதைவிடத் தெளிவாக எந்தக் காவியமும் சொன்னதாக எனக்குத் தெரியவில்லை. சொன்னதோடு நிற்கவில்லை, 16ஆம் காண்டத்தில் அவன் செத்தும் போகிறான்.

டிராய் இளவரசன் ஹெக்டரும் எதிர்ப்பக்கம்தான். படையை இரவோடிரவாக மதிலுக்குள் கொண்டுபோகச் சொல்லி அவன் தோழன் பொலிடமாஸ் 18ஆம் காண்டத்தில் எச்சரிக்கிறான். ஹெக்டர் கேட்கவில்லை. மறுநாள் படை அழிகிறது. 22ஆம் காண்டத்தில் மதிலுக்கு வெளியே தனியாக நின்றுகொண்டு அவன் தனக்குள் சொல்லிக்கொள்கிறான்: என் முரட்டுத்தனத்தால் என் மக்களை அழித்துவிட்டேன், இனி டிராய் நகரத்து ஆண் பெண் முகத்தில் எப்படி விழிப்பேன்? தன் தவற்றைத் தன் பெயரிலேயே எழுதிக்கொள்ளும் தலைவன் இலியட்டில் இவன்தான். ஆனால் அதை யாரும் கேட்கவில்லை. வெளியே நின்று சாவதைத் தவிர அவனுக்கு வேறு வழி தெரியவில்லை.

அகமெம்னானோ 9ஆம் காண்டத்தில் தன் மதி மயங்கியதை ஒப்புக்கொண்டு பரிசுகளை அடுக்குகிறான்: ஏழு முக்காலிகள், பத்துத் தாலந்து பொன், இருபது கொப்பரைகள், பன்னிரண்டு குதிரைகள், இன்னும் பல. தானே போய்க் கேட்கவில்லை, தூது அனுப்புகிறான். 'அவன் எனக்கு அடங்கட்டும், நான் அவனைவிடப் பெரிய அரசன்' என்று முடிக்கிறான். தூது போன ஒடிசியஸ் அந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் சொல்லாமல் விட்டுவிடுகிறான். 19ஆம் காண்டத்தில் அவை முன் சமாதானம் ஆகும்போது அகமெம்னான் சொல்வது: 'காரணம் நான் அல்ல, சீயஸும் விதியும் இருளில் நடக்கும் பழிவாங்கும் தெய்வம் எரினியஸும் என் மனத்தில் மயக்கத்தைப் போட்டார்கள்.' இதை வெறும் சாக்கு என்று தள்ளிவிடுவது சரியல்ல. தெய்வம் தூண்டியது, ஆனாலும் செய்தவன் ஈடு கொடுக்கவேண்டும் என்பதே அக்காலக் கிரேக்கரின் எண்ணம். அவன் ஈடு கொடுக்கவும் செய்கிறான். ஆனால் அந்த அவையில் 'நான்' என்ற சொல்லைக் குற்றத்தின் பக்கத்தில் வைக்க அவனுக்கு வாய் வரவில்லை.

இப்போது மதுரை.

பாண்டியன் செய்த பிழை எப்படி நடந்தது என்பதை இளங்கோ மிக நுட்பமாகக் காட்டுகிறார். ஆடல் மகளிரின் கூத்தைப் பார்த்த அரசி ஊடி எழுந்து போகிறாள். அரசன் அவளைத் தேற்றப் போகும் வழியில் பொற்கொல்லன் காலில் விழுகிறான். அரசன் அமைச்சரை அழைக்கவில்லை, அவையைக் கூட்டவில்லை. 'சிலம்பு கள்வன் கையில் இருக்குமானால் கொன்று சிலம்பைக் கொண்டுவருக' என்று காவலரிடம் சொல்லிவிட்டு நடக்கிறான். ஒரு உயிருக்கு அவன் தந்த பாதுகாப்பு அந்த 'இருக்குமானால்' மட்டும்தான். காவலர் கோவலனைப் பார்த்துவிட்டு இவன் கொலைக்குரியவன் அல்லன் என்று தயங்குகிறார்கள். அந்தத் தயக்கம் அரசனிடம் திரும்பிப் போக வழியில்லை. படிப்பறிவற்ற குடிகாரன் ஒருவனின் வாள் முந்திக்கொள்கிறது.

அகமெம்னானின் பிழை ஆணவம், பாண்டியனின் பிழை அவசரம். ஆணவத்தைவிட அவசரம் சிறிய குற்றம் என்று தோன்றலாம். இறந்தவனுக்கு இரண்டும் ஒன்றுதான், சிலப்பதிகாரமும் அப்படித்தான் பார்க்கிறது.

வாயிலில் ஒரு பெண் நிற்கிறாள் என்று காவலன் நடுங்கிச் சொல்லும்போது பாண்டியன், 'வருக மற்று அவள், தருக ஈங்கு' என்கிறான். இலியட்டின் பூசாரியை நினைத்துக்கொண்டு இந்த வரியைப் படியுங்கள். கண்ணகி அந்த ஊருக்கு அயலாள், வணிகர் குலத்தவள், அரசன் தீர்ப்பின்படி கள்வனின் மனைவி. அவளுக்குக் காவல் தர ஒரு அக்கிலீஸும் பக்கத்தில் இல்லை. அவள் தொடங்குவதே 'தேரா மன்னா' என்று. ஆராயாத மன்னனே என்று. பசுவின் கண்ணீருக்காக மகனைத் தேர்க்காலில் இட்ட சோழனின் ஊரைச் சொல்லித் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்கிறாள். இதைவிடக் கடுமையாக ஒரு பாண்டியனை அவன் அவையிலேயே குத்த முடியாது. யாரும் அவளைக் கோலால் அடிக்கவில்லை.

'கள்வனைக் கொல்வது கொடுங்கோல் அன்று' என்று அரசன் தன் பக்கத்தைச் சொல்கிறான். என் சிலம்பின் பரல் மாணிக்கம் என்கிறாள் அவள். இந்த இடத்தில் பாண்டியன் செய்வதை நாம் போதுமான அளவு பாராட்டுவதில்லை. 'நன்றாகச் சொன்னாய், எங்கள் சிலம்பின் பரல் முத்து' என்று தானே சொல்லி, கோவலனிடமிருந்து எடுத்த சிலம்பைக் கொண்டுவந்து வைக்கச் செய்கிறான். தன்னைக் குற்றவாளியாக்கப் போகும் சான்றைத் தானே அவையில் வைக்கும் நீதிபதி அவன். சிலம்பு உடைகிறது, மணி அவன் வாயருகே தெறிக்கிறது.

தாழ்ந்த குடையன் தளர்ந்த செங்கோலன்
பொன்செய் கொல்லன் தன்சொல் கேட்ட
யானோ அரசன் யானே கள்வன்

பொற்கொல்லன் பெயர் வருகிறது, ஆனால் குற்றம் அவன் மேல் போடப்படவில்லை. அவன் சொல்லைக் கேட்ட குற்றம் என்னுடையது என்கிறான். இன்னும் முக்கியமானது அவன் சொல்லாமல் விட்டது. அகமெம்னானுக்கு இருந்த அதே விளக்கம் பாண்டியனுக்கும் கைக்கெட்டிய தூரத்தில் இருந்தது. ஊழ்வினை உருத்து வந்து ஊட்டும் என்பது இந்தக் காவியம் சொல்ல வந்த மூன்று உண்மைகளில் ஒன்று. கோவலனின் முற்பிறவிக் கதையை மதுராபதித் தெய்வம் பின்னால் விரிவாகச் சொல்லவும் செய்கிறது. 'விதி' என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும், காவியமே அவன் பக்கம் நின்றிருக்கும். அவன் சொல்லவில்லை. 'என்முதல் பிழைத்தது, கெடுக என் ஆயுள்' என்று விழுந்து இறக்கிறான். ஹெக்டர் தனியாக நின்று தனக்குள் சொன்னதை இவன் வழக்குரைத்தவள் முகத்துக்கு நேரே அவை நடுவில் சொல்கிறான்.

இதை நான் உலக இலக்கியத்தின் உச்சங்களில் ஒன்றாகக் கருதுகிறேன். ஆனாலும் இங்கேயே நிறுத்திக் கைதட்டிவிட்டுப் போவது நேர்மையாகாது. அரசன் இறந்தபின் மதுரை எரிகிறது. அந்தணர், அறவோர், பசு, பத்தினிப் பெண்கள், முதியோர், குழந்தைகளை விட்டுவிடும்படி கண்ணகி தீக்குச் சொன்னாலும் ஊர் ஊர்தான். சிலப்பதிகாரத்தின் முகப்பில் வரும் உரைபெறு கட்டுரை சொல்வது இன்னும் கொடியது. மழை பொய்த்து வெப்புநோயும் அம்மையும் தொடர, கொற்கையிலிருந்த வெற்றிவேற்செழியன் ஆயிரம் பொற்கொல்லரைக் கொன்று களவேள்வி செய்து அவளுக்குச் சாந்தி செய்தானாம். நெடுஞ்செழியன் தன் தலையில் ஏற்றுக்கொண்ட குற்றத்தை அடுத்து வந்தவன் இறக்கி ஆயிரம் பேர் தலையில் வைத்துவிட்டான். ஒரு பொற்கொல்லன் செய்த சூதுக்கு ஆயிரம் குடும்பங்கள். மன்னனின் ஒப்புதல் எவ்வளவு உயர்ந்ததானாலும் அவனோடு அது முடிந்துபோனால் என்ன ஆகும் என்பதற்கு இந்த ஒரு வரி போதும்.

இந்த இடத்தில் மகாபாரதம் வேறொரு வழியைக் காட்டுகிறது. சூதில் தன்னையும் மனைவியையும் தோற்ற தருமர் அவை நடுவில் திரௌபதி கேட்ட கேள்விக்கு வாய் திறக்கவில்லை. தன்னை முதலில் தோற்றாரா, என்னை முதலில் தோற்றாரா என்ற அந்தக் கேள்வி சட்டக் கேள்விதான், ஆனால் கணவனின் அரசுரிமையையே உரித்துக் காட்டியது. பீஷ்மரும் தருமம் நுட்பமானது என்று நழுவினார். போரெல்லாம் முடிந்து, கர்ணன் தன் அண்ணன் என்று தெரிந்தபின் தருமர் உடைந்து போகிறார். நாடு வேண்டாம், காட்டுக்குப் போகிறேன் என்கிறார். தம்பிகளும் திரௌபதியும் வியாசரும் கண்ணனும் மாறி மாறித் தடுக்கிறார்கள். இரத்தத்தில் நின்று பெற்றதை விட்டு ஓடினால் பாவம் குறையாது, இருந்து ஆள்வதே கடன் என்பதே அவர்கள் வாதத்தின் சாரம். அவர் இருந்தார். மகன்களைப் போரில் இழந்த திருதராட்டிரனையும் காந்தாரியையும் 15 ஆண்டுகள் தன் வீட்டிலேயே வைத்துப் போற்றினார். மொத்தம் 36 ஆண்டுகள் ஆண்டார். பாண்டியனின் ஒரு கணத்தைப்போல இது நெஞ்சை உலுக்காது. ஆனால் ஆட்சி என்ற அளவில் தருமர் செய்ததே கடினமானது என்று நினைக்கிறேன். செத்துப்போனவன் ஈடு கொடுக்க முடியாது.

மற்ற இரண்டு காவியங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கில்கமேஷ் மிகப் பழையது. அதில் உருக் நகர மக்கள் தங்கள் அரசனின் கொடுமையை அவனிடம் சொல்ல வழியில்லாமல் தெய்வங்களிடம் முறையிடுகிறார்கள். தெய்வங்கள் அவனைத் தண்டிக்கவில்லை, அவனுக்கு நிகரான எங்கிடுவைப் படைத்து அனுப்புகிறார்கள். எங்கிடு மணவீட்டு வாயிலில் குறுக்கே நிற்கிறான், இருவரும் மல்லுக்கட்டி நண்பர்களாகிறார்கள். நிகரானவன் ஒருவன் பக்கத்தில் இருந்தாலொழிய அரசன் அடங்கமாட்டான் என்பது மெசபொட்டேமியா கண்ட விடை.

வர்ஜிலின் ஈனியட் ரோமப் பேரரசர் அகஸ்டஸின் காலத்தில், அவருடைய ரோமுக்காக எழுதப்பட்டது. அதன் தலைவன் ஈனியஸ் தன் விருப்பத்தை அடக்கிக் கடமையைச் சுமப்பவன். புயலில் சிதறிக் கரையொதுங்கிய தன் ஆட்கள் முன் துயரத்தை நெஞ்சுக்குள் அமுக்கிக்கொண்டு முகத்தில் நம்பிக்கையைக் காட்டுகிறான். 6ஆம் காண்டத்தில் பாதாளத்தில் அவன் தந்தையின் ஆவி ரோமனுக்கு இலக்கணம் வகுக்கிறது: பணிந்தவரைக் காப்பாய், செருக்குற்றவரை அடக்குவாய். காவியத்தின் கடைசி வரிகளில் அவன் எதிரி டர்னஸ் பணிந்து உயிர்ப்பிச்சை கேட்கிறான். ஈனியஸ் தயங்குகிறான். டர்னஸ் கொன்ற தன் இளந்தோழன் பாலஸின் கச்சை அவன் தோளில் கிடப்பதைக் கண்டதும் வாளைப் பாய்ச்சுகிறான். அத்தோடு காவியம் நின்றுவிடுகிறது. இலக்கணம் சொன்ன நூலே அதை மீறும் தலைவனோடு முடிவது தற்செயல் என்று என்னால் நம்பமுடியவில்லை.

கடைசியாகச் சிலப்பதிகாரத்தின் சேர மன்னன் செங்குட்டுவன். பாண்டியன் இறந்த செய்தி கேட்டதும், வல்வினை வளைத்த கோலைப் போன உயிர் நிமிர்த்திச் செங்கோல் ஆக்கியது என்கிறான். பிறகு மழை பொய்த்தால் அச்சம், உயிர்களுக்குத் தீங்கு நேர்ந்தால் அச்சம், குடிகாக்கும் குலத்தில் பிறப்பது 'துன்பம் அல்லது தொழுதகவு இல்' என்கிறான். அரசனாய்ப் பிறப்பதில் தொழத்தக்கது ஒன்றுமில்லை என்று ஒரு பேரரசன் சொல்கிறான். சர்பெடானின் பேச்சுக்கு நிகரான வரி இது. அவன் அரசனுக்குக் கிடைப்பதிலிருந்து தொடங்கினான், இவன் அச்சத்திலிருந்து தொடங்குகிறான்.

ஆனால் அதே செங்குட்டுவன் கண்ணகிக்குக் கல் எடுக்க வடக்கே போய்ப் பெரும்போர் செய்து, கனக விசயர் என்ற ஆரிய மன்னர் தலையில் கல்லை ஏற்றிக் கொண்டுவருகிறான். சிறைப்பட்டவர்களைப் பார்த்த சோழனும் பாண்டியனும் இதுவா வீரம் என்று இகழ, அவன் கண் சிவக்கிறது. அடுத்த போருக்கு எல்லாம் தயார். அப்போது மாடலன் என்ற மறையவன் எழுந்து பேசுகிறான்: ஆட்சிக்கு வந்து ஐம்பது ஆண்டு கடந்தும் அறக்கள வேள்வி செய்யாமல் மறக்கள வேள்வியே செய்துகொண்டிருக்கிறாய். யாக்கை நிலையாது, செல்வம் நிலையாது, உனக்கு முன்னிருந்த சேரர் யாரும் நிலைக்கவில்லை. நெஸ்டர் பேசியபோது அகமெம்னான் 'முறையாகச் சொன்னீர்' என்று புகழ்ந்துவிட்டுத் தான் நினைத்ததையே செய்தான். செங்குட்டுவன் மாடலன் பேசி முடித்ததும் ஆரிய மன்னரைச் சிறையிலிருந்து விடுவித்து வேளாவிக்கோ மாளிகையில் தங்கவைக்கச் சொல்கிறான். நாடெங்கும் சிறைக்கோட்டங்களைத் திறந்துவிடவும், இறை செலுத்தும் ஊர்களுக்கு இறை நீக்கவும் அழும்பில்வேளுக்கு ஆணையிடுகிறான்.